ஆங்கிலத் தேர்வும் ஆசிரியர் தீர்ப்பும்

தோற்றுவாய்

ஆண்டுதோறும் கோடை வெயில் உச்சத்தில் நிற்கும் வேளையில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வின் முடிவுகள் வெளியாகின்றன. அன்று நம் இல்லங்களில் ஒரு பரபரப்பு நிலவும். தேறிய பிள்ளையின் வீட்டில் இனிப்பு வழங்குவர். தேறாத பிள்ளையின் வீட்டிலோ கதவு பாதி சாத்தியே கிடக்கும். "எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள்; இங்கிலீஷில் மட்டும் போய்விட்டது" என்னும் சொல்லைக் கோட்டைப்பட்டினம், மீமிசல் போன்ற கடலோர ஊர்களிலும் அன்னவாசல் போன்ற உள்நாட்டு ஊர்களிலும் நாம் பலமுறை கேட்டதுண்டு. ஆண்பிள்ளையாயின் துணைத் தேர்வுக்குப் பணம் கட்டுவார்கள். பெண்பிள்ளையாயின், "போதும், இனி வீட்டில் இருக்கட்டும்" என்று பேச்சு முடிந்துவிடுவதும் உண்டு. ஒரு மொழித்தாளில் குறைந்த நான்கைந்து மதிப்பெண்கள் ஒரு வாழ்வின் திசையையே திருப்பிவிடுகின்றன.

ஆங்கிலத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வினாத்தாளால் அளக்கும் இம்முறை நியாயந்தானா? இவ்வினாவைப் புதுக்கோட்டை மாவட்டத்து ஆசிரியர்கள் சிலரிடம் நாம் கேட்டுப் பார்த்தோம். அவர்கள் கூறிய விடை நம்மைச் சிந்திக்க வைத்தது. "பொதுத் தேர்வு இல்லையென்றால் எங்கள் கிராமத்துப் பிள்ளையின் சான்றிதழை நகரத்தார் யார் மதிப்பார்கள்?" என்றார் ஒருவர். சற்றுப் பொறுத்து அவரே, "ஆனால் அந்தத் தேர்வுக்காக நான் ஆங்கிலம் கற்பிப்பதையே விட்டுவிட்டேன், விடை எழுதத்தான் கற்பிக்கிறேன்" என்றும் கூறினார். ஒரே வாயில் இரண்டு தீர்ப்புகள்! முரண்பாடு போலத் தோன்றும் இவ்விரண்டும் உண்மையே என்பதை வரலாறு காட்டுகின்றது. அவ்வரலாற்றின் சில ஏடுகளை ஈண்டுப் புரட்டிப் பார்ப்போம்.

1857: ஒரே ஆண்டில் இரண்டு தொடக்கங்கள்

சென்னைப் பல்கலைக் கழகம் 1857-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அவ்வாண்டே அது தன் முதல் மெட்ரிகுலேஷன் தேர்வையும் நடத்தியது. அதே 1857-இல்தான் தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியிலிருந்த புதுக்கோட்டைத் தலைநகரில் ஆங்கிலம் கற்பிக்கும் இலவசப் பள்ளி ஒன்று தோன்றியது. பிற்காலத்தில் மன்னர் கல்லூரியாக வளர்ந்தது அப்பள்ளியே. புதுக்கோட்டை தனியரசாக விளங்கியபோதிலும், அதன் மாணவர்கள் எழுதியது சென்னைப் பல்கலைக் கழகத்தின் தேர்வைத்தான். அரசு வேறாயினும் அளவுகோல் ஒன்றாக இருந்தது.

அந்நாளில் ஆங்கிலம் பல பாடங்களுள் ஒன்றன்று. கணிதமும் வரலாறும் புவியியலும் உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலத்தின் வழியாகவே கற்பிக்கப்பட்டன. ஆகவே ஆங்கிலத்தில் தடுமாறியவன் அனைத்திலும் தடுமாறினான். உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்விக்கு அரசு வழி திறந்தது 1930-களின் இறுதியில்தான். ஏறத்தாழ எண்பது ஆண்டுக் காலம், மெட்ரிகுலேஷனும் அதன்பின் வந்த பள்ளியிறுதித் தேர்வும் பெயரளவில் பல பாடத் தேர்வாகவும், உண்மையில் ஆங்கிலத் தேர்வாகவுமே இருந்தன எனலாம்.

இதற்கு முன்னர் நம் நாட்டில் தேர்வு என்பது இல்லாமலில்லை. திண்ணைப் பள்ளியில் கணக்காயர் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே அழைத்துப் பாடம் ஒப்பிக்கச் செய்தார். நம் ஓதல் பள்ளிகளிலும் அதுவே வழக்கம். முந்திய பாடத்தைப் பிழையின்றி ஓதிக் காட்டினாலன்றி உஸ்தாது அடுத்த பாடத்தைக் கொடுப்பதில்லை. ஆனால் அங்கே கற்பித்தவரே சோதித்தார். பிள்ளையின் நாவும் நினைவும் வீட்டு நிலையும் அவருக்குத் தெரியும். 1857-இல் வந்ததோ புதுமையானது. கற்பித்தவர் ஒருவர், வினா எழுதியவர் மற்றொருவர், விடையைத் திருத்தியவர் இன்னொருவர். பிள்ளையின் முகத்தையே காணாத ஒருவர் அவனுக்குத் தீர்ப்பு வழங்கினார்.

தேர்ச்சிக்குக் கூலி

அயலார் செய்யும் இவ்வளவீடு மாணவனை அளப்பதோடு நின்றிருந்தால் ஆசிரியர்களின் மனத்தாங்கல் குறைவாகவே இருந்திருக்கும். அது விரைவில் ஆசிரியரையே அளக்கும் கோலாகவும் மாறிற்று.

இங்கிலாந்தில் 1862-இல் ராபர்ட் லோ என்பார் ஒரு புதிய விதியைக் கொணர்ந்தார். ஆய்வாளர் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு குழந்தையையும் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் சோதிப்பார். தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளிக்குப் பணம் கிடைக்கும். இம்முறை கடல் கடந்து சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. 'ரிசல்ட் கிராண்ட்' என்ற பெயரில், பிள்ளைகளின் தேர்ச்சியைக் கணக்கிட்டுப் பள்ளிகளுக்கு மானியம் வழங்கப்பட்டது. ஏழைப் பள்ளியில் ஆசிரியரின் வயிற்றுப்பாடு அம்மானியத்தைச் சார்ந்ததே. பிள்ளை தேறினால் அடுப்பு எரியும், தேறாவிடில் இல்லை.

விளைவு என்னவாயிற்று? இங்கிலாந்தில் கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மாத்யூ ஆர்னால்டு தம் அறிக்கைகளில் இம்முறையை இடைவிடாது கண்டித்து வந்தார். பிள்ளைகள் வாசிப்பு நூல் முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு, எழுத்தை அறியாமலே 'வாசித்து'த் தேறிவிடுவதை அவர் எடுத்துக்காட்டினார். கல்வி இயந்திரமாகிவிட்டது என்பதே அவர் முறையீடு. இறுதியில் இங்கிலாந்தே அதைக் கைவிட்டது. இந்தியாவில் கர்சன் பிரபுவின் அரசு 1904-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியிட்ட கல்விக் கொள்கைத் தீர்மானம், தேர்வுகள் கல்வியின்மேல் அளவு கடந்த ஆதிக்கம் பெற்றுவிட்டன என்பதை ஒப்புக்கொண்டு, தேர்ச்சிக்குப் பணம் என்னும் முறையையும் ஒதுக்கியது.

ஆசிரியர்களின் இரண்டாவது தீர்ப்புக்கு, அதாவது "தேர்வுக்காகக் கற்பித்தலையே விட்டுவிட்டோம்" என்னும் வாக்குமூலத்துக்கு, இது முதல் சாட்சி. அவர்களுடைய முதல் தீர்ப்புக்குச் சாட்சி புதுக்கோட்டையிலேயே இருக்கின்றது.

இரண்டு பிள்ளைகள்

1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. தந்தையார் நாராயணசாமி ஐயர் மன்னர் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் குலத்தவர். பருவம் எய்தியபின் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவது அன்றைய வழக்கமன்று. அப்பெண் வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி கண்டார். பின்னர் மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். ஆடவர் பயிலும் கல்லூரியில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தார், அவர் சேர்ந்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் புகுந்து 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்த முதற்பெண் உறுப்பினரும், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றக் காரணரும் அவரே.

இங்கு ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவர் பிறந்த குலத்தை ஊர் அறியும். அவர் பெண் என்பதையும் ஊர் அறியும். ஊரின் தீர்ப்புக்கு விட்டிருந்தால் அவர் கல்லூரி வாயிலை மிதித்திருக்க இயலுமா? எங்கோ இருந்த ஒரு பல்கலைக் கழகம், விடைத்தாளை மட்டும் பார்த்து, 'தேறினார்' என்று எழுதிக் கொடுத்தது. அத்தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் அரசரின் வாயிலில் நின்று கேட்க முடிந்தது. விடைத்தாள் குலம் கேட்பதில்லை. அயலார் செய்யும் அளவீட்டின் பெருமை அதுவே.

இனி மற்றொரு பிள்ளை. 1887-ஆம் ஆண்டு டிசம்பரில் பிறந்து, புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கும்பகோணத்தில் வளர்ந்தவர். நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்று மெட்ரிகுலேஷனில் தேறினார். 1904-இல் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் அவருக்குக் கணிதப் பரிசு வழங்கிய தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், இம்மாணவர் முழு மதிப்பெண்ணுக்கும் மேற்பட்ட மதிப்பெண் பெறத் தக்கவர் என்று பாராட்டினார். உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த அவர், கணிதத்தில் மூழ்கி மற்றவற்றை மறந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று. சென்னை சென்று பச்சையப்பன் கல்லூரியில் முயன்றும் எஃப்.ஏ. தேர்வில் அவர் தேறவில்லை. ஆனால் 1913-இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கடிதம் கேம்பிரிட்ஜில் பேராசிரியர் ஹார்டியின் கைக்குச் சென்றது. 1918-இல் அவர் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். கணித மேதை இராமானுஜன் வரலாறு இது.

இவரைப் பற்றிய உண்மையை அறிந்தவர் அவருடைய தலைமையாசிரியர். அவர் வாயாரச் சொல்லியும் இருந்தார். அவர் சொல்லை எழுதிவைக்க அந்நாளைய தேர்வு முறையில் ஒரு கட்டம்கூட இல்லை. கல்லூரிக் கணக்கில் ஆங்கிலத்தில் தவறிய ஒரு மாணவர் அவர், அவ்வளவே.

ஒரே காலம், ஒரே பல்கலைக் கழகம், அண்டை ஊர்கள். பதினேழு மாத வயது வேறுபாடுடைய இரண்டு பிள்ளைகள். ஒருவருக்குக் கதவைத் திறந்த அதே ஏற்பாடு மற்றவருக்குக் கதவை அடைத்தது. அவ்வம்மையாருக்குத் தேவைப்பட்டது தம்மை அறியாத அயலாரின் நடுநிலை. இராமானுஜனுக்குத் தேவைப்பட்டது தம்மை அறிந்த ஆசிரியரின் சொல். எனவே எது சிறந்தது என்று கேட்பது தவறான கேள்வி. இரண்டையும் எவ்வாறு இணைப்பது என்பதே கேள்வி.

இணைக்க முயன்ற ஒரு சான்றிதழ்

அக்கேள்விக்கு ஒரு விடையும் அன்றே காணப்பட்டது. 1911-ஆம் ஆண்டு முதல் சென்னை மாகாணத்தில் மெட்ரிகுலேஷனுக்கு மாற்றாக எஸ்.எஸ்.எல்.சி. என்னும் பள்ளியிறுதிச் சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்தது. நம் பாட்டனார்கள் பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வைத்த அந்தச் சான்றிதழ்ப் புத்தகத்தைக் கண்டவர்கள் அறிவார்கள். அது ஒற்றைத் தாளன்று. பள்ளியில் பெற்ற மதிப்பெண்களும், ஆசிரியர் குறிப்பும், பொதுத் தேர்வு மதிப்பெண்ணும் அதில் பக்கம்பக்கமாக இடம்பெற்றன. 'தேறினான், தேறவில்லை' என்று ஒரே சொல்லில் தீர்த்துவிடுவது அம்முறையின் நோக்கமன்று. மாணவனின் பல ஆண்டு உழைப்பை முன்வைத்துக் கல்லூரியும் வேலை தருவோரும் தாமே முடிவு செய்யட்டும் என்பதே நோக்கம். அறிந்தவரின் சொல்லும் அறியாதவரின் அளவும் ஒரே ஏட்டில் அருகருகே அமர்ந்தன.

அந்த நல்ல முயற்சி தன் நோக்கத்தில் நிலைக்கவில்லை. ஒரு பள்ளியின் அறுபதும் மற்றொரு பள்ளியின் அறுபதும் ஒன்றாகுமா என்ற ஐயம் எழுந்தது. கல்லூரிகளும் அலுவலகங்களும் முன்பக்கங்களைப் புரட்டாமல் பொதுத் தேர்வு மதிப்பெண்ணையே தேடின. ஆசிரியரின் சொல் புத்தகத்தில் இருந்தது. அதைப் படிப்பார் இல்லை. ஆசிரியர்களிடம் இன்று நாம் காணும் மனக்குறையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து.

தனியரசு மறைந்த பின்னர்

1948 மார்ச்சில் புதுக்கோட்டைத் தனியரசு இந்தியாவுடன் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது, அதுவரை தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அறந்தாங்கிப் பகுதியும், நம் மக்கள் மிகுதியாக வாழும் கடலோர ஊர்களும் அதனுடன் சேர்ந்தன. உயர்கல்விக்கு 1951-இல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும், 1955-இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரியும் தோன்றியிருந்தன. கல்லூரி அருகில் வந்தது. ஆனால் அதன் வாயிலில் பொதுத் தேர்வு நின்றது.

1968-இல் தமிழ்நாடு இருமொழிக் கொள்கையை ஏற்றது. தமிழும் ஆங்கிலமும் நிலைத்தன. 1978-இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தபின் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் இரண்டு பெரும் வாயில்களாயின. அக்காலத்தில் மெட்ரிகுலேஷன் பள்ளிகளுக்கு ஒரு வினாத்தாள், அரசுப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு வேறொரு வினாத்தாள். சமச்சீர்க் கல்வி வந்தபின் 2012-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்துதான் நகரத்து மெட்ரிகுலேஷன் பிள்ளையும் கடலோரத்து அரசுப் பள்ளிப் பிள்ளையும் பத்தாம் வகுப்பில் ஒரே ஆங்கில வினாத்தாளை எழுதத் தொடங்கினர். அதைச் சமன்மை என்று வரவேற்ற ஆசிரியர் பலர். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளையையும், வீட்டில் எவரும் ஆங்கில எழுத்தறியாத பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொல்வது சமன்மையாகுமா என்று வினவியவரும் உளர்.

பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு நூறு மதிப்பெண், தேறுவதற்கு முப்பத்தைந்து. நூறும் எழுத்துக்கே உரியன. அறிவியலில் செய்முறைக்கு இருபத்தைந்து மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறார்கள். அதனால் ஆய்வுக் கூடத்தின் கதவு திறக்கின்றது. ஆங்கிலத்தில் கேட்பதற்கும் பேசுவதற்கும் பொதுத் தேர்வில் மதிப்பெண் இல்லை. ஆகவே வகுப்பறையில் ஆங்கிலப் பேச்சும் இல்லை. மனப்பாடப் பாட்டு, கடிதம், விளம்பரம் அமைத்தல், படத்தைப் பார்த்து எழுதுதல் ஆகியவற்றை 'மெல்லக் கற்போர் கையேடு' கொண்டு திரும்பத் திரும்ப எழுதவைத்து முப்பத்தைந்தைத் தொட வைப்பதே ஆசிரியரின் பெரும்பாடாகிவிட்டது. அப்பிள்ளை கடிதத்தைப் பிழையின்றி எழுதும்; வெளிநாட்டிலிருந்து வந்த தன் தந்தையின் முதலாளி தொலைபேசியில் இரண்டு வார்த்தை கேட்டால் விழிக்கும். ஆர்னால்டு கண்ட காட்சி இதுவல்லவா?

நம் உறவினர் வாழும் சிங்கப்பூரிலும் 1960 முதல் தொடக்கப் பள்ளி இறுதியில் நாடு முழுமைக்கும் ஒரே தேர்வு உண்டு. ஆனால் அங்கே ஆங்கிலத்தில் வாய்மொழித் தேர்வும் கேட்டறியும் தேர்வும் இடம்பெறுகின்றன. எதற்கு மதிப்பெண் உண்டோ அதைக் கற்பிக்க நேரமும் உண்டு. அந்நாடு 2012-இல் முதல்நிலை பெற்றோரின் பெயர்களை அறிவிப்பதையும் நிறுத்திற்று. தமிழ்நாட்டிலும் 2017 முதல் பொதுத் தேர்வில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கம் நின்றது. மாணவரின் சுமை ஓரளவு குறைந்தது. ஆசிரியரின் சுமை குறைந்ததா? மாவட்டத்துக்கு மாவட்டம், பள்ளிக்குப் பள்ளி தேர்ச்சி விழுக்காடு ஒப்பிடப்படுவது நிற்கவில்லை. விழுக்காடு சரிந்தால் ஆசிரியர் விளக்கம் சொல்லியாக வேண்டும். பழைய 'ரிசல்ட் கிராண்ட்' போய்விட்டது. அதன் நிழல் போகவில்லை.

2019-இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வைக்க அரசு ஆணையிட்டது. பத்து வயதுக் குழந்தையும் தமிழ், ஆங்கிலம், கணக்கு என்று பொதுத் தேர்வு எழுத வேண்டிய நிலை வந்தது. ஆசிரியர் அமைப்புகளும் பெற்றோரும் எதிர்த்தனர். 2020 பிப்ரவரி 4-இல் அரசு அதைத் திரும்பப் பெற்றது. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் மூன்றாம் வகுப்புக்குள் பிள்ளை தமிழும் ஆங்கிலமும் கணக்கும் அறிய வேண்டும் என்ற குறிக்கோளை ஆசிரியர்கள் குறைகூறவில்லை. மதிப்பீடுகளைச் செயலியில் பதிவேற்றுவதிலேயே கற்பிக்கும் நேரம் கரைகின்றது என்றுதான் முறையிட்டனர். 2023-இல் பி.எட். மாணவர்களைக் கொண்டு வகுப்புகளை மதிப்பிட முற்பட்டபோதும் ஆசிரியர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. அளப்பதை அவர்கள் வெறுக்கவில்லை. தம்மை நம்பாமல் அளப்பதையே வெறுத்தனர்.

இம்மண்ணிலேயே ஒரு முன்மாதிரி

நம்பி அளந்தால் என்ன நிகழும் என்பதற்கும் புதுக்கோட்டையே சான்று. 1991-இல் மாவட்ட ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் அவர்களின் காலத்தில் இங்கு அறிவொளி இயக்கம் எழுந்தது. கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைத்தவர்களும் மாலை வேளையில் விளக்கின் கீழ் எழுத்துக் கற்றார்கள். பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். அவர்கள் கற்றது தமிழ், ஆங்கிலமன்று. ஆயினும் அங்கும் சோதனை இருந்தது. பாடநூலுக்குள்ளேயே சிறு சிறு சோதனைகள் அமைந்திருந்தன. கற்பித்த தொண்டரே அருகிலமர்ந்து சோதித்தார். தவறினால் அப்பாடத்தை மறுபடி கற்பித்தார். எவரையும் வெளியே அனுப்பவில்லை. 1992 ஆகஸ்டில் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாகப் புதுக்கோட்டை அறிவிக்கப்பட்டது. ஓதல் பள்ளியின் பழைய முறையும் அறிவொளியின் புதிய முறையும் ஒன்றையே சொல்லுகின்றன: சோதனை என்பது அடுத்த பாடத்துக்கான வழி, வெளியேற்றுவதற்கான வாயிலன்று.

முடிவுரை

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? பொதுத் தேர்வு ஒழிக என்று ஆசிரியர்கள் கூறவில்லை; நாமும் கூறவில்லை. செல்வாக்கற்ற வீட்டுப் பிள்ளைக்கு, அதிலும் பெண்பிள்ளைக்கு, முகமறியா ஒருவர் தரும் நடுநிலையான மதிப்பெண் இன்றும் ஒரு கேடயமே. முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்வு அதற்குச் சாட்சி. ஆனால் அம்மதிப்பெண் ஒன்றே முழு உண்மை என்று கொள்வதும், அதையே ஆசிரியரை அடிக்கும் பிரம்பாக்குவதும் கேடு விளைவிக்கும். 1862 முதல் 1904 வரையிலான வரலாறு அதற்குச் சாட்சி. 1911-இன் சான்றிதழ்ப் புத்தகத்தில் இருந்த ஆசிரியரின் பக்கம் மீண்டும் எழுதப்பட வேண்டும். எழுதப்பட்டால் படிக்கப்படவும் வேண்டும். பிள்ளை பேசும் ஆங்கிலத்துக்கும் கேட்டறியும் ஆங்கிலத்துக்கும் அதில் இடம் வேண்டும்.

அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். பெற்றோராகிய நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அதற்கு எந்த ஆணையும் தேவையில்லை. முடிவு வெளியாகும் நாளில் பிள்ளை ஆங்கிலத்தில் தவறிவிட்டால், தீர்ப்பு எழுதுமுன் அப்பிள்ளையின் ஆசிரியரைச் சென்று காண்போம். "இவளைப் பற்றித் தங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்போம். அவர் கூறும் சொல் மதிப்பெண் பட்டியலில் இராது. அதைக் கேட்டபின் துணைத் தேர்வுக்குப் பணம் கட்டுவோம். வீட்டோடு இருக்கட்டும் என்று முடிவு செய்ய ஒரு நிமிடம் போதும்; அந்த ஒரு நிமிடத்தில் எத்தனை முத்துலட்சுமிகளை இழந்தோம் என்பதற்குக் கணக்கில்லை.